“உயிரியலின்படி நீ பின்னிடைவு” என்கிறார் கணவர்: ஓர் ஆசிரியைக்குப் பதில்

கிளிநொச்சி மாவட்டத்தின் குடியேற்றக் கிராமம் ஒன்றிலிருந்து ஓர் ஆசிரியை நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். ஆள் அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றிச் சுருக்கித் தருகிறேன்.

அவருக்கு வயது முப்பதுகளின் நடுப்பகுதி. ஆரம்பப் பிரிவில் படிப்பிக்கிறார். கணவர் நெல் வாங்கி விற்பவர்; உயர்தரத்தில் உயிரியல் படித்தவர். ஒரு மகள், ஒரு மகன். கல்யாணமான புதிதில் பெரிய குறை இருக்கவில்லை. கடந்த சில வருடங்களாகக் கணவர் யூடியூப்பில் ‘அல்ஃபா ஆண்’ வீடியோக்களைப் பார்த்துவிட்டு, தான் சொல்வதையெல்லாம் விஞ்ஞானம் என்கிறார். “உயிரியலில ஆட்சி எண்டும் பின்னிடைவு எண்டும் இருக்கு. நீ பின்னிடைவு. பிள்ளையள் ரெண்டும் என்ர சாயல், பார்த்தாலே தெரியேல்லையோ?” ஓநாய்க் கூட்டத்திலும் யானைக் கூட்டத்திலும் ஆண்தான் தலைவனாம். சந்தையில் பெரியவன் வைத்ததுதான் விலையாம். வீடும் அப்படித்தானாம்.

ஆசிரியையின் சம்பளம் வங்கிக்கு வருகிறது. ஏடிஎம் அட்டை கணவரிடம். பஸ் காசை அன்றன்று எண்ணிக் கொடுக்கிறார். இரவில் போனை வாங்கி, யாரோடு பேசினார் என்று பார்க்கிறார். தாய் வீடு போக அனுமதி வேண்டும். தாய் சீதனமாக உறுதி எழுதிக் கொடுத்த வயலை விற்று நெல் வெட்டும் மெசின் வாங்கப் போவதாகச் சொல்லி, உறுதியையும் எடுத்து வைத்திருக்கிறார். குடியிருக்கும் காணி தாயின் பெயரில் உள்ள பெர்மிட் காணி. “அது எப்பிடியும் உன்ர அண்ணனுக்குத்தான் போகும், சட்டமே ஆம்பிளைக்குத்தான்” என்பது அவருடைய கட்சி. முதலாம் தரத்தில் படிக்கும் மகன் இடக்கைக்காரன். மாமியார் அவன் கையில் தட்டிப் பென்சிலை வலக்கைக்கு மாற்றுகிறார். பிள்ளை இப்போது கொப்பியைத் திறந்தாலே அழுகிறான்.

“ஒருநாளும் கை நீட்டினதில்லை, அதால இதை வன்முறை எண்டு சொல்லேலாது. நான்தான் இயல்பிலேயே அடங்கிப்போற ஆளோ தெரியாது. நீங்கள் விஞ்ஞான விளக்கத்தோட எழுதுங்கோ. அவர் படிச்ச மனுசன், வாசிச்சால் விளங்கிக்கொள்ளுவார்.” கடிதம் இப்படி முடிகிறது.

சகோதரி, நீங்கள் கேட்ட விளக்கத்தை எழுதுகிறேன். ஆனால் அது உங்களுக்கு, அவருக்கு அல்ல. இந்தப் பக்கத்தை அவரிடம் காட்ட வேண்டாம். பரம்பரை விதிகளைக் கண்டறிந்த மெண்டலை அவர் பிழையாக விளங்கிக்கொண்டதால் உங்கள் அட்டையை வைத்திருக்கவில்லை. அட்டையை வைத்திருக்க ஒரு நியாயம் தேவைப்பட்டது, மெண்டல் கைக்குக் கிடைத்தார். நாளைக்கே நீங்கள் வாதத்தில் வென்றாலும் வேறு ஒரு நியாயம் வரும். அதோடு, ‘இவளுக்கு யாரோ சொல்லிக் கொடுக்கினம்’ என்ற சந்தேகமும் சேர்ந்து வரும். என்னைக் கவலைப்படுத்துவது உங்கள் கடைசி வரிகள். அவர் சொல்வதை நீங்களும் பாதி நம்பத் தொடங்கிவிட்டீர்கள். அந்தப் பாதிக்காகத்தான் விளக்கம்.

பட்டாணியில் மெண்டல் கண்டது

மெண்டல் 1866இல் வெளியிட்ட ஆய்வில் உருண்டை விதைப் பட்டாணியையும் சுருங்கிய விதைப் பட்டாணியையும் கலந்தார். முதல் தலைமுறையில் எல்லாம் உருண்டை. அவற்றிலிருந்து வந்த அடுத்த தலைமுறையில் 5,474 உருண்டை, 1,850 சுருக்கம். ஏறத்தாழ மூன்றுக்கு ஒன்று. ஒரே இடத்துக்குரிய இரண்டு பரம்பரை அலகுகள் சேர்ந்திருக்கும்போது எதன் இயல்பு வெளியே தெரிகிறதோ அதை ஆட்சி என்கிறோம். மற்றது பின்னிடைவு. அது அழியவில்லை, தோற்கவும் இல்லை. அப்படியே இருந்து அடுத்த தலைமுறையில் வெளியே வருகிறது.

இது ஒரு சோடி அலகுகளுக்கு இடையிலான விஷயம். ஒரு மனிதர் முழுவதும் ஆட்சி, இன்னொருவர் முழுவதும் பின்னிடைவு என்று உயிரியலில் எதுவுமே இல்லை. உங்கள் கணவரிடமும் பின்னிடைவு அலகுகள் ஏராளம். உங்களிடம் ஆட்சி அலகுகள் ஏராளம். பிள்ளைகளின் நிறமூர்த்தங்களில் சரிபாதி உங்களுடையவை. உயிர்க்கலத்துக்குச் சக்தி தரும் இழைமணியில் இருக்கும் டிஎன்ஏ தாயிடமிருந்தே வருகிறது. மூக்கு அப்பாவைப் போல இருப்பதால் கணக்கு மாறாது.

ஆட்சி என்றால் பலமானது, அதிகமானது என்றும் நினைக்க வேண்டாம். ஆறு விரலோடு பிறப்பது பல குடும்பங்களில் ஆட்சி இயல்பாக வருகிறது. உங்கள் பள்ளிக்கூடத்தில் எத்தனை பிள்ளைகளுக்கு ஆறு விரல்? ஓ வகை இரத்தம் பின்னிடைவு. இலங்கையில் அதிகம் பேருக்கு இருப்பது அதுதான். ஆட்சி இயல்பு ஏன் காலப்போக்கில் எல்லோரிடமும் பரவிவிடுவதில்லை என்ற கேள்வி அறிஞர்களுக்கே வந்தது. 1908இல் ஹார்டி என்ற கணித அறிஞர் சின்னதொரு கணக்குப் போட்டு, ஆட்சியாக இருப்பதால் மட்டும் ஓர் இயல்பு பரவாது என்று காட்டினார்.

ஓநாய், யானை, கோழி

முதலில், இலங்கைக் காட்டில் ஓநாயே இல்லை. இருப்பது நரி, அதுவும் சோடியாக வாழும் பிராணி. சரி, ஓநாய்க்கே வருவோம். 1947இல் ஷெங்கல் என்பவர் மிருகக்காட்சிச்சாலையில் அடைத்து வைத்த ஓநாய்களைப் பார்த்து எழுதினார். ஓரிடத்தில் அடைபட்டதால் சண்டை, சண்டையில் வென்றது ‘அல்ஃபா’. அந்தக் கருத்தை 1970இல் தன் புத்தகத்தில் பிரபலமாக்கியவர் டேவிட் மெக். பிறகு அதே மெக் காட்டில் பல வருடம் ஓநாய்களைப் பின்தொடர்ந்தார். காட்டு ஓநாய்க் கூட்டம் என்பது பெரும்பாலும் ஒரு தாய், ஒரு தகப்பன், அவர்களுடைய குட்டிகள். அங்கே ‘அல்ஃபா’ என்று சொல்வதில் பொருளில்லை என்று 1999இல் அவரே எழுதிவிட்டார். யூடியூப் வீடியோக்களுக்கு அந்தச் செய்தி இன்னும் போய்ச் சேரவில்லை.

யானையைப் பற்றி வன்னியில் இருப்பவருக்கு நான் சொல்லத் தேவையில்லை. கூட்டமாக வருபவை பெண் யானைகளும் குட்டிகளும். வளர்ந்த ஆண் கூட்டத்தை விட்டுப் போய்விடும். அதைத்தான் நாங்கள் தனியன் என்கிறோம். உடவளவையில் நடந்த ஆய்வு இன்னும் சுவாரசியமானது. ஆபிரிக்க யானைகளில் மூத்த பெண்ணின் கீழ் தெளிவான வரிசை உண்டு. நம் நாட்டுப் பெண் யானைகளிடம் அப்படி இறுக்கமான வரிசையையே காணவில்லை. தீனி போதுமாக இருக்கும் இடத்தில், ஒத்துவராவிட்டால் விலகிப் போகலாம். வரிசை போட்டுச் சண்டை பிடிக்க வேண்டிய தேவை குறைவு.

விலங்குகளில் ஆதிக்க வரிசையே இல்லை என்று சொல்ல வரவில்லை. பொலன்னறுவைச் செங்குரங்குகளில் நன்றாகவே உண்டு; மகளுக்கு வரிசையில் கிடைக்கும் இடம் தாயின் இடத்தைப் பொறுத்தது. கோழிகளில் உண்டு. 1920களில் நோர்வேக்காரர் ஷெல்டெரப்-எபெ கோழிகள் கொத்தும் ஒழுங்கை எழுதி வைத்தார். முற்றத்தில் அரிசிக் குறுணியை வீசிவிட்டுப் பாருங்கள், எது எதைக் கொத்தித் துரத்துகிறது என்று உடனே தெரியும். அவர் கண்ட ஒரு வேடிக்கை: ஒரு கோழி இரண்டாவதைக் கொத்தும், இரண்டாவது மூன்றாவதைக் கொத்தும், அந்த மூன்றாவது திரும்பி வந்து முதலாவதைக் கொத்தும். அங்கே ஆதிக்கம் என்பது இரண்டு கோழிகளுக்கு இடையில் ஏற்பட்ட ஒரு நிலை. ஒரு கோழியின் பிறவிக் குணம் அல்ல. கூட்டை மாற்றினால் அதுவும் மாறும்.

இதை உங்கள் கேள்வியோடு சேர்த்துப் பாருங்கள். ‘நான் அடங்கிப்போற ஆளோ’ என்று கேட்கிறீர்கள். நாற்பது பிள்ளைகள் உள்ள வகுப்பை நடத்துபவர், பெற்றோர் கூட்டத்தில் எழுந்து பேசுபவர் என்று நீங்களே முன்பக்கத்தில் எழுதியிருக்கிறீர்கள். ஒருவருக்கு முன்னால் மட்டும் குரல் அடைக்கிறது என்றால் அதை உங்கள் சுபாவம் என்று நான் எடுக்க மாட்டேன். அந்த ஒருவருக்கும் உங்களுக்கும் இடையில் என்ன நடந்தது என்றுதான் பார்ப்பேன்.

உளவியலில் மனிதரின் அந்தஸ்தைப் பற்றி 2001இல் ஹென்ரிக், கில்-வைட் இருவரும் பிரித்துக் காட்டிய ஒன்று எனக்கு வேலையில் அடிக்கடி உதவுகிறது. ஒருவர் சொல்வதை மற்றவர்கள் கேட்பதற்கு இரண்டு வழி உண்டு: பயம், அல்லது மதிப்பு. இரணைமடுக் குளத்தில் தண்ணீர் மட்டாக இருக்கிற வருடத்தில், சிறுபோகம் யாருக்கு எத்தனை ஏக்கர் என்று பேசும் கூட்டத்துக்குப் போயிருப்பீர்கள். சத்தம் போடுகிறவர்கள் எல்லாம் போட்டு முடிந்த பிறகு, மூலையில் இருக்கும் ஒரு பெரியவர் இரண்டு வசனம் சொல்வார். அதற்குப் பிறகு யாரும் பேசமாட்டார்கள். அவரிடம் யாருக்கும் பயம் இல்லை. உங்கள் கணவர் ஆசைப்படுவது அந்த மரியாதைக்குத்தான் என்று நினைக்கிறேன். பிடித்திருப்பது மற்ற வழியை. தொழிலில் நட்டம், கடன் என்று நீங்கள் ஓரிடத்தில் ஒற்றை வரியில் எழுதிவிட்டுக் கடந்து போகிறீர்கள். அது காரணமாக இருக்கலாம். ஆனால் காரணம் தெரிவதால் நீங்கள் பொறுத்துப் போகவேண்டிய கட்டாயம் வராது.

சந்தைப் பேச்சுக்கு ஒரு வரி போதும். 1978இல் ஐரோப்பிய நீதிமன்றம் ஒரு வாழைப்பழ வியாபார நிறுவனத்தின் வழக்கில், போட்டியாளரையும் வாங்குபவரையும் பொருட்படுத்தாமல் நடக்கக்கூடிய பலத்தைத்தான் சந்தை ஆதிக்கம் என்று விளக்கியது. அந்தப் பலம் இருப்பது அங்கே குற்றமில்லை, அதைத் துஷ்பிரயோகம் செய்வதுதான் குற்றம். நெல் வியாபாரிக்கு இது தெரிந்திருக்க வேண்டும்.

இடக்கை மகன்

இந்தப் பகுதியில் பொறுத்திருக்க நேரமில்லை என்பதால் வெளிப்படையாகச் சொல்கிறேன்: கையை மாற்றுவதை நிறுத்துங்கள். உலகில் ஏறக்குறைய பத்தில் ஒருவர் இடக்கைக்காரர். அது நோயும் அல்ல, பிடிவாதமும் அல்ல. ‘இடக்கை என்றால் வலது மூளை ஆட்சி, அதனால் படிப்பு ஏறாது’ என்று நீங்கள் கேள்விப்பட்டதும் சரியில்லை. பேச்சுக்கும் மூளையின் இடப்பாதிக்கும் உள்ள தொடர்பை 1860களில் புரோக்கா என்ற பிரெஞ்சு மருத்துவர் காட்டினார். அதிலிருந்துதான் இந்த ‘ஆட்சியான பாதி’ப் பேச்சு வந்தது. வலக்கைக்காரர்களில் மிகப் பெரும்பாலானோருக்கும், இடக்கைக்காரர்களில் ஏறத்தாழ 70 வீதமானோருக்கும் மொழியைக் கவனிப்பது இடப்பாதியே. மற்றப் பாதி சும்மா இருக்கவில்லை. இடம், திசை போன்ற பல வேலைகளில் அதன் பங்கு பெரிது.

வகுப்பாசிரியையிடம் சொல்லி அவனை வாங்கின் இடது ஓரத்தில் இருத்துங்கள், பக்கத்துப் பிள்ளையின் முழங்கை இடிக்காது. கொப்பியை வலப்பக்கமாகச் சற்றுச் சாய்த்து வைக்கப் பழக்குங்கள். எழுதியதைக் கையே அழித்துக்கொண்டு போவது குறையும். மாமியாரோடு வாதாட வேண்டாம். ‘டீச்சர் இப்படித்தான் எழுதச் சொன்னவ’ என்று சொன்னால் போதும். சாப்பாட்டுக் கையை அவர் விடமாட்டார் என்றால் அந்தச் சண்டையை இப்போதைக்குத் தள்ளிப் போடலாம். பென்சில் முக்கியம்.

அடி விழாவிட்டாலும்

பணத்தையும் போனையும் போக்குவரவையும் ஒருவர் தன் கையில் எடுத்து, மற்றவரை நாளடைவில் சுருக்கிவிடுவதைக் கட்டாயக் கட்டுப்பாடு என்கிறோம். இங்கிலாந்திலும் வேல்சிலும் 2015ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அது தனிக் குற்றம். இலங்கையில் அப்படித் தனிக் குற்றமாக இல்லை. ஆனால் நம்முடைய 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டம் அடியை மட்டும் பார்ப்பதில்லை. பாரதூரமான கொடுமையோ அவமானமோ தொடர்ச்சியாக நடந்தால் அதை உணர்வு ரீதியான துன்புறுத்தலாக எடுத்துக்கொள்கிறது. நீதவான் நீதிமன்றத்தில் பாதுகாப்புக் கட்டளை கேட்கலாம். அது பன்னிரண்டு மாதம் வரை நீடிக்கலாம். கட்டளை கேட்பதால் கணவர் மறியலுக்குப் போகிறார் என்றோ விவாகரத்து ஆகிவிட்டது என்றோ அர்த்தமில்லை. உங்கள் விஷயம் அந்த அளவுக்கு வருமா என்பதை நேரில் முழுதும் கேட்ட ஒரு சட்டத்தரணிதான் சொல்ல வேண்டும்.

இரண்டு பேரும் சேர்ந்து ஆலோசனைக்குப் போகலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். இப்போது வேண்டாம். பயம் இருக்கும் இடத்தில் ஒரே அறையில் இருத்திப் பேசினால், அங்கே சொன்னதற்கு வீட்டில் கணக்குத் தீர்க்கப்படும். முதலில் நீங்கள் தனியாகப் போங்கள்.

வயலும் பெர்மிட்டும்

சட்ட விஷயத்தில் அவர் சொல்வது பெரும்பாலும் பிழை, கொஞ்சம் சரி.

யாழ்ப்பாணத் தமிழரின் வழமைச் சட்டமான தேசவழமை உங்களுக்குப் பொருந்தும் என்று வைத்துக்கொண்டால், 1911ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டப்படி சீதன வயல் உங்கள் தனிச் சொத்து. அதை அவர் விற்க முடியாது. உறுதி அவருடைய அலுமாரியில் இருப்பதால் காணி அவருடையதாகாது. காணிப் பதிவகத்தில் பிரதி எடுக்கலாம். சரியான அந்தக் கொஞ்சம் இதுதான்: அந்தச் சட்டப்படி அசையாச் சொத்தை நீங்கள் கைமாற்றவும் அவருடைய எழுத்து மூலச் சம்மதம் வேண்டும். நியாயமில்லாமல் மறுத்தால் மாவட்ட நீதிமன்றத்தில் அனுமதி கேட்க வழி உண்டு. நூறு வருடம் தாண்டியும் இந்த விதி இருப்பது எனக்கு உவப்பில்லை, ஆனால் இருக்கிறது. உங்கள் தகப்பன் வழி மலையகத்திலிருந்து 1977க்குப் பிறகு வந்து குடியேறியது என்று எழுதியிருப்பதால், தேசவழமை உங்களுக்குப் பொருந்துமா என்பதையே முதலில் சட்டத்தரணியிடம் கேளுங்கள். பொருந்தாவிட்டால் அவருடைய சம்மதமே தேவைப்படாமல் போகலாம்.

ஆபத்து வேறு இடத்தில் இருக்கிறது. வெற்றுத் தாளிலோ, உங்களுக்குப் பதிலாக இன்னொருவர் செயற்பட அதிகாரம் கொடுக்கும் அற்றோணித் தத்துவத்திலோ கையெழுத்து வைத்துவிடாதீர்கள். ‘பாங்குக் கடனுக்கு ஒரு சைன்’ என்று நீட்டப்படும் தாளை முழுதும் வாசியுங்கள். அந்த ஒரு தாளால்தான் வயல் போகும்.

பெர்மிட் காணிக்கு வேறு சட்டம், 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டம். பின்னுரித்தாளி (பெர்மிட்காரருக்குப் பிறகு காணியைப் பெறுபவர்) நியமிக்கப்படாவிட்டால் ஆண் வாரிசுக்கு முன்னுரிமை கொடுக்கும் பட்டியல் அதில் நெடுங்காலம் இருந்தது உண்மை. உங்கள் கணவர் சொல்வது அந்தப் பழைய கதை. 2022இல் சட்டம் திருத்தப்பட்டு அந்தப் பாகுபாடு நீக்கப்பட்டது. பழைய சட்டத்திலும்கூட, பெர்மிட்காரர் விரும்பிய பிள்ளையை நியமிக்கத் தடை இருக்கவில்லை. அம்மா உங்களை நியமித்திருக்கிறாரா, அது பதிவாகியிருக்கிறதா என்று பிரதேச செயலகத்தின் காணிப் பிரிவில் பாருங்கள். அம்மா நடமாட்டத்தோடு இருக்கும்போதே.

எங்கே தொடங்குவது

பிரதேச செயலகத்தில் பெண்கள் அபிவிருத்தி உத்தியோகத்தரும் உளவளத்துணை உத்தியோகத்தரும் இருப்பார்கள். காணி விஷயமாகப் போகும் அதே நாளில் அவர்களையும் பார்க்கலாம், தனியாகப் போக ஒரு காரணம் தேட வேண்டியதில்லை. பெரிய அரச வைத்தியசாலைகளில், வன்முறைக்கு உள்ளான பெண்களுக்கு உதவும் ‘நட்பு நிலையம்’ இருக்கிறது. மருந்தெடுக்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டே போகலாம். பெண்களுக்கான உதவித் தொலைபேசி 1938. உங்கள் போனில் அழைக்க வேண்டாம், பள்ளிக்கூடத்தில் நம்பிக்கையான ஒருவருடைய போனில் அழையுங்கள். வழக்குக்குக் காசில்லை என்று தயங்கினால் சட்ட உதவி ஆணைக்குழுவின் கிளைக்குப் போங்கள்.

ஏடிஎம் அட்டையைக் கடைசிக்கு வைத்தது வேண்டுமென்றுதான். கணக்கு உங்கள் பெயரில் என்பதால் அடையாள அட்டையோடு வங்கிக்குப் போய்ப் பழைய அட்டையை நிறுத்திப் புதியது கேட்பது உங்கள் உரிமை. ஆனால் அவர் அடுத்த தடவை மெசினில் அட்டையைப் போடும் நிமிடமே விஷயம் தெரிந்துவிடும். கட்டுப்பாடு கைநழுவும் நேரத்தில், அதுவரை அடிக்காதவர்களும் கை நீட்டுவதுண்டு. ஆகவே முதலில் மேலே சொன்ன அலுவலர் ஒருவரிடம் பேசி, அன்றிரவு எங்கே இருப்பது, பிள்ளைகளை யார் கூட்டிவருவது என்று முடிவு செய்யுங்கள். அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ்கள், விவாகப் பதிவு, பெர்மிட் ஆகியவற்றின் பிரதிகளை அம்மா வீட்டில் வைத்துவிடுங்கள். வங்கிக்குப் போகும்போது கணக்கோடு எந்தப் போன் இலக்கம் இணைந்திருக்கிறது என்றும் கேளுங்கள். அவருடைய இலக்கமாக இருந்தால் நீங்கள் கவுண்டரில் நிற்கும்போதே அவருக்கு மெசேஜ் போகும். அதை மாற்றிய பிறகே மற்ற வேலை.